தெற்கே வழிந்த பால்

அந்த நிலக்கரி ஊரைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கலியாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்ததும் அப்பா இப்போதும் தொடங்குவார். "சுரங்கத்துக்குப் பக்கத்திலை இருந்தனாங்கள். நல்ல சனங்கள். அப்பிடி ஒரு இடம் இனிக் கிடையாது." அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக் கிழவன் எங்களை வெறுத்தான். நாங்களும் அவனுக்குக் குறை வைக்கவில்லை. அப்பாவின் அக்கா அம்மாவை வெறுத்தார். கடைசியில் அம்மாவுக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போனது. எல்லாம் ஒரு பானைப் பாலில் தொடங்கியது.

ஊர் ஜேர்மனியின் மேற்குப் பக்கம், ரூர் பகுதியில் இருந்தது. நாங்கள் அங்கே போனது இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்சக் காலத்தில். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சுரங்கம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் மூடப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெருவில் பாதிப் பேர் அந்தக் கோபத்தோடுதான் காலையில் எழும்புவார்கள். சுரங்கக் கோபுரத்தின் உச்சியில் பெரிய சில்லு ஒன்று சுற்றும். அம்மா சமைக்கிற குசினியின் ஜன்னலால் பார்த்தால் தெற்கே அது மட்டும்தான் தெரியும். வெளியே காயப்போட்ட வெள்ளைச் சேலை மாலையில் சாம்பல் நிறத்தில் வீட்டுக்குள் வரும். ஒருவரை ஒருவர் கண்டால் "க்ளூக் அவுஃப்" என்பார்கள். நிலத்துக்குக் கீழே போகிறவன் பத்திரமாக மேலே வர வேண்டும் என்று சொல்கிற வாழ்த்து அது. எங்களைக் கண்டால் அதைச் சொல்ல மாட்டார்கள்.

அப்பா அந்தச் சுரங்கத்தில், தொழிலாளிகள் குளித்து உடை மாற்றும் மண்டபத்தைக் கழுவுகிற வேலை செய்தார். அந்த மண்டபத்தில் அலுமாரி கிடையாது. ஒவ்வொருவனும் தன் உடுப்பைக் கொளுக்கியில் மாட்டி, சங்கிலியைப் பிடித்துக் கூரைவரை இழுத்து ஏற்றிப் பூட்டிவிட்டுப் போவான். ஒருநாள் அப்பா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான காற்சட்டைகளும் சப்பாத்துகளும் தொங்கின. நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அப்பாவுக்கோ பெருமை தாங்கவில்லை. தான் தும்புத்தடி பிடிக்காவிட்டால் சுரங்கமே ஓடாது என்பது போலக் கதைத்தார்.

பக்கத்து வீட்டுக் கிழவனை அப்பாவுக்கு அங்கேதான் பழக்கம். கிழவன் என்று நான் சொன்னாலும் அவனுக்கு அப்போது ஐம்பதுதான் கடந்திருக்கும். சுரங்கத்தில் அந்த வயதிலேயே ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அவனுடைய நெஞ்சு முழுக்கக் கரித்தூசி. தன் வீட்டோடு ஒட்டிய மறுபாதி விலைக்கு வருகிறது என்று அவன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். சுரங்கக் கம்பனி அந்தக் காலத்தில் தொழிலாளருக்காகக் கட்டிய வீடுகள் அவை. ஒரு கூரையின் கீழ் இரண்டு வீடு, நடுவில் ஒரே சுவர். பின்னால் நீளமாக ஒரு துண்டு நிலம். அப்பா தனியாகப் போய்ப் பார்த்தார், தனியாகப் பேசினார், தனியாகக் கையெழுத்து வைத்தார். அம்மாவும் நானும் அந்த வீட்டை முதல்முதலாகக் கண்டது சாவி கைக்கு வந்த பிறகுதான்.

அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் மாமிக்கு, இது பிடிக்கவே இல்லை. மாமிதான் அப்பாவை ஜேர்மனிக்கு எடுப்பித்தவர். அப்பாவின் முதல் குளிர்ச்சட்டை மாமி வாங்கிக் கொடுத்தது. அந்தச் சட்டையின் கதையை மாமி வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆட்களுக்கு முன்னால் சொல்வார். பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்தில் வேறு ஊரில் இருந்தார். தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே தம்பி ஒரு மாடிவீடு வாங்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். "கரிக்காறற்றை ஊரிலை வீடு வாங்காதை, வாங்காதை" என்று தொலைபேசியில் எத்தனையோ தரம் சொன்னார். வாழ்க்கையில் அப்பா மாமியின் சொல்லைத் தட்டியது அந்த ஒரு விஷயத்தில்தான். அதனால் அந்த வீட்டில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று அப்பாவுக்கு இருந்தது. அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுகிற குடிபூரலுக்கு மாமி குடும்பம் வந்தது. இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் வந்தன. சாமிப் படம், நிறைகுடம், குத்துவிளக்கு எல்லாம் வைத்து, குசினியில் மின்சார அடுப்பின் மேல் புதுப் பானையில் அம்மா பால் வைத்தார். வீட்டுக்காரிதான் வைக்க வேண்டும். பால் பொங்கிக் கிழக்கே அல்லது வடக்கே வழிந்தால் வீடு செழிக்கும். தெற்கு யமனுடைய திசை. அந்தப் பக்கம் வழிந்தால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள்.

பால் தெற்கே வழிந்தது. ஒரு சொட்டுக்கூட வேறு பக்கம் போகவில்லை. எல்லோரும் பானையைப் பார்த்தார்கள். மாமி மட்டும், மெதுவாகச் சொல்கிற பாவனையில், குசினி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"தெற்காலை ஊத்திப்போட்டுதே. வீட்டிலை என்ன குறை, கல்லுவீடுதானே. வைச்ச கைதான் சரியில்லை."

அம்மா பானையைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார். துடைக்க ஒன்றும் இல்லாத இடத்தையும் துடைத்தார். அப்பா வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்களுக்குக் கொடுக்கப் போனார்.

சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விடக்கூடிய ஆட்கள் இல்லை எங்கள் ஆட்கள். ஜேர்மனியில் தமிழர் நூறு ஊர்களில் சிதறி இருந்தாலும் கதை மட்டும் ஒரே தெருவில் இருப்பது போல ஓடும். அந்த மாதத்திலேயே கோவிலில் ஒரு அன்ரி அம்மாவிடம், "வீட்டிலை எல்லாரும் சுகமோ, ஒண்டும் நடக்கேல்லையே" என்று கேட்டார். ஏதாவது நடக்கவில்லையே என்று அவருக்குக் கவலை. அம்மா "ஒண்டும் நடக்கேல்லை அக்கா, நல்லா இருக்கிறம்" என்றார். பஸ்ஸில் வரும்போது தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அம்மாவின் கையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அந்தக் கை காலையில் முதியோர் இல்லத்தில் யாரோ ஜேர்மன்காரருடைய படுக்கை விரிப்புகளைத் தோய்த்துவிட்டு, பின்னேரம் எங்களுக்குச் சமைத்தது. ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னால் ஆடுகூட நாயாகும் என்பது போல, அம்மாவே அதை நம்பத் தொடங்கிவிட்டார். அந்தக் குசினி வேறு அதற்குத் தோதாக நடந்துகொண்டது. தாச்சியில் எண்ணெய் விட்டால் ஒரு கரையில் போய் ஒதுங்கும். முட்டையை மேசையில் வைத்தால் உருண்டுவிடும். அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் தானாகத் திறந்து நிற்கும். அம்மா அதை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்தார். "அலுமாரி பழசு" என்பார் அப்பா. "அடுப்பு பழசு" என்பார். அம்மாவோ, "என்ரை கையிலை எண்ணெயும் நிக்குதில்லை" என்றார். அதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தார், முடியவில்லை.

முதல் தைப்பொங்கலுக்கும் பால் தெற்கே வழிந்தது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். இருந்தும் மாமி அன்று பின்னேரம் தொலைபேசி எடுத்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ஒரு வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. அம்மா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக் கிழவனோடு நடந்த சண்டை வேறு. அது வெளிப்படையான சண்டை, அதனால் எனக்கு ஒருவகையில் பிடித்திருந்தது. சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுக்குக் கம்பனி எரிக்கிறதுக்குக் கரி கொடுக்கும். இலையுதிர்காலத்தில் ஒரு லொறி வந்து அவனுடைய வாசலில் கரியைக் கொட்டிவிட்டுப் போகும். கொட்டினால் பாதி எங்கள் வாசலிலும் கிடக்கும். கிழவன் நாள் முழுக்க இருமி இருமி அதைச் சவளால் அள்ளி நிலவறைக்குள் போடுவான். எங்கள் பக்கத்தில் கிடப்பதைக் கடைசியில்தான் அள்ளுவான், அதுவும் பாதி விட்டுவிட்டு. அம்மா ஜன்னலால் தமிழில் திட்டுவார். அவன் நிமிர்ந்து பார்த்து ஜேர்மன் மொழியில் பதில் சொல்வான். இருவருக்கும் மற்றவர் சொன்னது ஒன்றும் விளங்காது. ஆனால் ஒரு சொல்லும் வீண்போகவில்லை.

அம்மாவின் பதிலடி மிளகாய். கறித்தூள் இடிக்கச் செத்தல் மிளகாய் வறுப்பார். தாச்சியில் மிளகாய் கறுக்கத் தொடங்கினால் அந்தக் கார்ப்பு வீட்டில் நிற்க விடாது. ஜன்னலைத் திறப்போம். காற்று அதைக் கொண்டுபோய்க் கிழவனின் ஜன்னலுக்குள் விடும். கரித்தூசி நிறைந்த நெஞ்சுக்கு மிளகாய்ப் புகை போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது நிற்காமல் கேட்கும். அம்மா அவனுக்காக மிளகாய் வறுக்கவில்லை. எங்களுக்குத் தூள் வேண்டும், அதனால் வறுத்தார். ஆனால் கரி லொறி வந்துபோன வாரத்தில் கொஞ்சம் கூடுதலாக வறுப்பார் என்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

அடுத்த கோடையில் மாமியின் மூத்த மகள் பெரியபிள்ளையானாள். எங்கள் ஆட்களின் வழக்கத்தில் அந்தச் சடங்கில் முதல் உரிமை தாய்மாமனுக்கும் அவருடைய மனைவிக்கும்தான். தாய்மாமன் தேங்காய் உடைப்பார், மாமிக்காரி முதல் தண்ணீர் வார்ப்பார். பெண்ணுடைய மாமி என்றால் அது என் அம்மா. வேறு ஆள் கிடையாது. அம்மா அதற்காக நீலக் காஞ்சிபுரம் ஒன்று எடுத்திருந்தார். தலைக்குப் பூ எங்கோ சொல்லி எடுப்பித்திருந்தார்.

மண்டபத்துக்குப் போனதும் மாமி அம்மாவின் கையைப் பிடித்து ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

"குறை நினைக்காதை. பிள்ளையின்ரை விஷயம். அவவின்ரை சித்தியைக் கொண்டு வார்க்கிறம். நீ உள்ளை போய்ப் பழத்தட்டுகளைப் பார், ஆக்கள் காணாது."

அம்மா என்ன சொல்வார் என்று பார்த்தேன். "ஓம் மச்சாள்" என்றார். நீலக் காஞ்சிபுரத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டபத்தின் குசினியில் நின்று அன்னாசி வெட்டினார். வெளியே மேளச் சத்தம் கேட்டது. நான் கதவடியில் நின்று பார்த்தேன். அப்பா வேட்டி கட்டி, தோளில் சால்வை போட்டு, தேங்காய் உடைத்தார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. ஆட்கள் தலையாட்டினார்கள். பெண்ணுடைய சித்தப்பாவின் மனைவி முதல் தண்ணீர் வார்த்தார். அப்பா பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரித்தார். அந்தப் படம் இப்போதும் மாமி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பில் ஒரு குத்து விட வேண்டும் போல இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா அழவில்லை. சேலையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார். "இனி எனக்கு ஒருத்தற்றை வீட்டிலையும் வேலையில்லை" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அது வெறும் மேளத்தையும் படத்தையும் பற்றிய விஷயம் இல்லை. நல்லது நடக்கிற இடத்தில் நிற்கக் கூடாத ஆள் என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கும் ஒருநாள் கலியாணம் நடக்கும், அன்றைக்குத் தானே ஒதுங்கி நிற்க வேண்டும் என்றுகூட அம்மா யோசித்திருக்கிறார். அதை எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொன்னார்.

இரண்டாம் தைப்பொங்கலுக்கு அம்மா பெரிய முயற்சி எடுத்தார். விரதம் இருந்தார். கோவிலில் அர்ச்சனை செய்தார். பானையை மாற்றினார், அடுப்பில் வேறு சூட்டுத் தட்டைப் போட்டார். பால் பொங்கி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் மூடவில்லை. பால் நேரே தெற்கே போனது. அப்பா சாப்பாட்டு மேசையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவும் இல்லை.

அந்த வருடம்தான் சுரங்கத்தை மூடினார்கள். கோபுரத்துச் சில்லு நின்றது. அப்பாவுக்கு வேறு இடத்தில் கழுவுகிற வேலை கிடைத்தது. தெருவில் ஆட்கள் முன்னைவிட மோசமாகிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிழவன் தன் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் திரிந்தான். இலையுதிர்காலத்தில் கரி லொறி வந்தது. அம்மா மிளகாயை எடுத்தார்.

அன்று ஒரு சனிக்கிழமை. காற்று கிழவனின் பக்கமாக வீசியது. கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவு அதிர்ந்தது. கை முட்டியால் குத்துகிறான். நான் திறந்தேன். முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓட, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். அவன் கத்தத் தொடங்கியதும் அம்மா கையில் அகப்பையோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"என்ன சொல்லுறான்?" என்று கேட்டார்.

"மிளகாயாலை தன்னைக் கொல்லப் பாக்கிறியளாம்."

"கரியை என்ரை வாசலிலை கொட்டேக்கை உவன் யோசிச்சவனோ எண்டு கேள்."

நான் கேட்டேன். நடுவில் நின்று இரண்டு பேருடைய வசவையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு மொழியும் சரளமாக வந்த நாள் அதுதான் என்று நினைக்கிறேன். கிழவன் இருமி முடித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, சொன்னான்.

"நீங்கள் இங்கே வந்திருக்கவே கூடாது. வீடு விலைக்கு வருகிறது என்று சொன்ன நானேதான் உன் அப்பனிடம் வாங்காதே என்றும் சொன்னேன். இந்தத் தெரு முழுக்கக் கீழே நாங்கள் தோண்டிய பள்ளத்துக்கு மேலேதான் நிற்கிறது. வீடு முழுக்கத் தெற்கே சாய்ந்து கிடக்கிறது. அந்த ஜன்னல் கட்டிலேயே ரசமட்டத்தை வைத்துக் காட்டினேன். குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. அவன் கண்ணால் பார்த்தான். பரவாயில்லை, மலிவாக இருக்கிறது என்றான். முட்டாளுக்குச் சொன்னது என் பிழை."

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவன் திரும்பித் தன் வீட்டுக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினான். அம்மா என் தோளைத் தட்டினார்.

"என்னடி பிள்ளை, நீளமா என்னவோ சொன்னான்?"

மேசன்மார் சுவர் கட்டும்போது வைக்கிற ரசமட்டம் அம்மாவுக்குத் தெரியும். அவருடைய தகப்பன் வீடு கட்டுவித்த மனிதர். நான் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அம்மா திரும்பிக் குசினியைப் பார்த்தார். ரப்பர் வளையம் போட்ட அலுமாரியைப் பார்த்தார். அடுப்பில் தாச்சி காய்ந்துகொண்டிருந்தது. மிளகாய் கருகிவிட்டது. போய் அடுப்பை நிறுத்தினார்.

"அப்ப என்ரை கை இல்லை" என்றார்.

அப்பா பின்னேரம் வந்தார். அம்மா சாப்பாடு போட்டார், தண்ணீர் வைத்தார், எதிரே உட்கார்ந்தார்.

"இஞ்சாருங்கோ. வீடு சரிவெண்டு வாங்கேக்கையே தெரியுமோ?"

அப்பா சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். கிழவனின் இருமல் கேட்டது.

"கொஞ்சச் சரிவுதான். இஞ்சை எல்லா வீடும் அப்பிடித்தான்."

"நான் கேட்டது அதில்லை. தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப மச்சாள் என்ரை கையைச் சொல்லேக்கை ஏன் வாய் திறக்கேல்லை? அன்னாசி வெட்ட விட்டவ. அப்பவும் ஏன் சொல்லேல்லை?"

"அக்கா வாங்காதை வாங்காதை எண்டவ. சரிஞ்ச வீட்டை வாங்கிப்போட்டன் எண்டு அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது? சபையிலை வைச்சுச் சிரிப்பா." ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு, "உம்மடை கையைப் பற்றி ரெண்டு நாள் கதைச்சிட்டு விட்டிடுவினம் எண்டு நினைச்சன்" என்றார்.

நான் அங்கேயே இருந்தேன். அப்பா ஒரு கெட்ட மனிதர் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. அன்றும் கெட்டவர் என்று நினைக்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன்னைப் பார்த்து அக்கா சிரிக்காமல் இருப்பதற்காக மனைவியை முன்னால் தள்ளிவிட்டு, தான் பின்னால் நின்று வடை பரிமாறிய மனிதர். சோற்றைப் பாதியில் விட்டேன். எழும்பிப் போய்க் கையைக் கழுவினேன்.

அம்மா கத்தவில்லை. "வாற பொங்கலுக்கு மச்சாளைக் கூப்பிடுங்கோ. குடிபூரலுக்கு வந்த எல்லாரையும் கூப்பிடுங்கோ. நீங்கள் பால் வையுங்கோ. தெற்காலைதான் வழியும். அப்ப உங்கடை வாயாலை அவவுக்குச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

"ஓம்" என்றார் அப்பா.

"சொல்லுவியளோ?"

"ஓம் எண்டிறன் அல்லே."

மார்கழி முழுக்க அம்மா அப்பாவோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. முட்டை மேசையில் உருண்டால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கிழவனுக்கு நன்றி சொல்லவும் இல்லை. அடுத்த வாரமும் மிளகாய் வறுத்தார். அவனும் வந்து கதவில் குத்தினான்.

தைப்பொங்கல் அன்று வெளியே இருட்டும் ஈரமுமாக இருந்தது. சூரியன் வருகிற சாடை இல்லை. குசினியில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மாமி முன்வரிசையில், தோளில் கம்பளிச் சால்வையோடு. அப்பா தடித்த காலுறைக்கு மேல் வேட்டி கட்டிக்கொண்டு பானையை வைத்தார். அம்மா பெட்டியின் அடியிலிருந்து எடுத்த நீலக் காஞ்சிபுரத்தில் கதவடியில் நின்றார்.

பால் ஏறி வந்தது. பொங்கியது. வடக்கே வழிந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் குசினியில் எந்த நீரும் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை. ஆட்கள் "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். மாமியின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியளே, தம்பியின்ரை கையை. எங்கடை அம்மா வைச்சாலும் உப்பிடித்தான். வடக்காலை ஒரே சீரா வழியும். கை எண்டால் அது பிறப்பிலை வரவேணும்."

அப்பா சிரித்தார். அதே படத்துச் சிரிப்பு. அரிசியைக் கைப்பிடியாக அள்ளிப் பானையில் போட்டார்.

"இஞ்சாருங்கோ" என்றார் அம்மா கதவடியிலிருந்து. "சொல்லுங்கோவன்."

அப்பா திரும்பாமலே சொன்னார். "அதுதான் வடக்காலை வழிஞ்சிட்டுதே. இனி என்னத்தைச் சொல்லுறது?"

அம்மா நிலத்தைப் பார்த்தார். அந்த நிலத்தை ஒவ்வொரு நாளும் கூட்டுகிறவர் அவர்தான். அடுப்பின் நாலு காலும் எப்படி நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சேலையைச் சற்றே தூக்கி, அடுப்பின் ஓரத்தில் இடுப்பைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பி, தெற்குப் பக்கத்துக் காலடியில் குதியால் ஒரு உதை விட்டார். அடுப்பு "தொம்" என்று இறங்கியது. பானை ஆடியது. பாலும் அரிசியும் சேர்ந்து தெற்கே சரிந்து, சூட்டுத் தட்டில் விழுந்து சீறின. மாமி சால்வையைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குப் போனார். கருகல் மணம் எழும்பியது.

அம்மா குனிந்து, அடுப்புக்குக் கீழிருந்து ஒரு மரத்துண்டை எடுத்தார். புதிதாக அறுத்த துண்டு. ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் சீவியிருந்தது. சீவிய இடத்தில் மரம் இன்னும் வெள்ளையாக இருந்தது. அதைக் கொண்டுபோய் மாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்ன?" என்றார் மாமி.

"உங்கடை தம்பியின்ரை கை, மச்சாள்."

அம்மாதான் பேசினார். வீடு சரிந்தது என்றும், சுரங்கத்தாலே சரிந்தது என்றும், ரசமட்டம் வைத்துக் காட்டிய பிறகுதான் உங்கள் தம்பி வாங்கினார் என்றும், இத்தனை காலம் தெரிந்துகொண்டே இருந்தார் என்றும், கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்கிற குரலில் சொல்லி முடித்தார். மாமி அப்பாவைப் பார்த்தார். அப்பா அடுப்பைப் பார்த்தார். மாமி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற பிறவி இல்லை அவர். "முதலே சொல்லியிருக்கலாமே தம்பி, நான் தேவையில்லாமல் கதைச்சுப்போட்டன்" என்றார், குற்றம் எங்கேயோ தெருவில் கிடந்தது போல. அப்பா எல்லோரையும் பார்த்து, "சாப்பிடுவம், ஆறப்போகுது" என்றார்.

அன்றோடு அம்மாவின் கை சரியில்லை என்ற கதை நின்றது. வாய் சரியில்லை என்று கதைக்கத் தொடங்கினார்கள். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு மாமியின் இரண்டாவது மகள் பெரியபிள்ளையானபோது மாமி பஸ் ஏறி வீடு தேடி வந்து, வெற்றிலை வைத்து அம்மாவை அழைத்தார். அம்மா அதே நீலச் சேலையில் போய் முதல் தண்ணீர் வார்த்தார். அப்பா தேங்காயோடு பக்கத்தில் வந்து நின்றார். அம்மா ஒரு அடி தள்ளி நின்றார். படம் எடுக்கிறவர், "அக்கா, கொஞ்சம் கிட்ட வாங்கோ" என்று இரண்டு தரம் கேட்டார். அம்மா கமராவையே பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில் நின்றார்.

இப்போது நாங்கள் அந்த ஊரில் இல்லை. ஆனால் கலியாண வீடுகளில் அப்பா "நல்ல சனங்கள்" என்று தொடங்குவார். பந்தியில் இருப்பவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். அம்மா பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கை கழுவப் போய்விடுவார். நானும் எழும்பிப் போவேன்.